லிஸ்பன் போயும் பீங்கானா?

வெளிநாடு போனால் ஈஃபில் டவர், பிக்பென் என்று பார்த்துவிட்டு வந்து பீற்றிக்கொள்ள எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. 2018-ல் ஆபீஸில் ஒரு வாரப் பயிற்சிக்கு என்னை அனுப்பிய ஊர், போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன். வாஸ்கோடகாமா கப்பல் ஏறிய ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி.

முதல் நாளே ஆச்சரியம். ஹோட்டலில் பெட்டி தூக்கி வந்த பையன் சாவியைக் காட்டி 'ஷாவ்' என்றான். ஜன்னல் 'ஜனேலா'வாம். மேஜை 'மேசா'. அலமாரி 'அர்மாரியு'. அட, நம்ம வீட்டுச் சாமான்! அவர்கள் கப்பலில் வந்து விட்டுப்போன வார்த்தைகள் சார், இதெல்லாம். தமிழ் வார்த்தைகள் முதன்முதலாக அச்சேறியதும் இதே லிஸ்பனில்தான், 1554-ல். என்ன, ரோமன் எழுத்தில் இருக்கும். சுந்தரர் எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பார்கள். லிஸ்பனில் போட்ட சாவி விருத்தாசலத்தில் கிடைத்திருக்கிறது.

பயிற்சி முடிந்து ஒரு நாள் லீவு. நாலு பேராகக் கிளம்பினோம். லிஸ்பன் ஏழு குன்றுகளின் ஊர். எங்கள் ஊருக்குப் பழமலை என்று பெயர்தானே தவிர, ஏறுவதற்கு ஒரு மலையும் கிடையாது. முழங்கால் கெஞ்சியது. 28-ம் நம்பர் டிராமில் பல்லவன் பஸ் மாதிரி தொங்கிக்கொண்டு போனோம்.

எங்கே திரும்பினாலும் வீட்டின் வெளிச்சுவரில் நீலமும் வெள்ளையுமாக டைல்ஸ். "என்னடா, பாத்ரூமைத் திருப்பிப் போட்டு வெச்சிருக்கானுங்க" என்றான் நண்பன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

காரணம், அப்பா. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சூளையில் 31 வருஷம் வேலை பார்த்தவர். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண்தான் எங்கள் ஊருக்குச் சோறு போட்டது. ராத்திரி வீட்டுக்கு வரும்போது அப்பாவின் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். காலேஜில் 'அப்பா என்ன பண்றார்?' என்று கேட்டவர்களிடம் 'கவர்மென்ட் வேலை' என்று சொல்லிவைத்தேன். ஆபீஸிலும் அதையே தொடர்ந்தேன். பொய்க்கும் சீனியாரிட்டி உண்டு.

டைல்ஸுக்கென்றே ஒரு தேசிய மியூசியம் இருந்தது, 1509-ல் கட்டிய பழைய கன்னிமாடத்தில். "லிஸ்பன் வந்தும் பீங்கானா?" என்று முணுமுணுத்துக்கொண்டே நண்பர்களும் வந்தார்கள். மாடியில் 23 மீட்டர் நீளத்துக்கு, 1700 வாக்கில் வரைந்த லிஸ்பன் நகரம். 1755 நவம்பர் 1-ம் தேதி பூகம்பம், கடல் பொங்கல், தீ எல்லாம் சேர்ந்து ஊரையே தின்றுவிட்டன. அந்தப் பழைய அரண்மனை, தெரு, படகுத்துறை எல்லாம் இப்போது இந்த ஓடுகளில்தான் இருக்கின்றன. சுட்ட மண் பிழைத்துக்கொண்டது!

என்ன தோன்றியதோ, வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டேன். ஊரில் சாயங்காலம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"படம் கெடக்கட்டும்டா. மூலையக் காட்டு. இணைப்பு விலகியிருக்கா?"

"இல்லப்பா."

"வெடிப்பு?"

"மயிரிழை மாதிரி அங்கங்கே இருக்கு."

"அது இருக்கும். அந்த நீலம் பூசுறப்போ கருப்பாத்தாண்டா இருக்கும். வரையிறவனுக்கே தெரியாது. சூளைக்குள்ள போயி வந்தாத்தான் நீலம். முந்நூறு வருஷமா? நல்லா சுட்டிருக்கான்."

அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு போனைக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யார் சார் அது, எக்ஸ்பர்ட்டா?" என்றான் பாத்ரூம் ஜோக் அடித்தவன்.

"எங்கப்பா. சூளையில வேலை பார்த்தவர்."

"கவர்மென்ட்னு சொன்னே?"

"பொய் சொன்னேன்."

அவன் ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "வணக்கம்ப்பா, அந்த மஞ்சள் எப்படி வருது?" என்று ஆரம்பித்தான். கால் மணி நேரம் கிளாஸ். ரோமிங் பில்லை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கிளம்பும்போது தெருக்கடையில் 12 யூரோவுக்கு ஒரு டைல் வாங்கி, நாலு பனியனில் சுற்றி, உடையாமல் ஊர் கொண்டுவந்து சேர்த்தேன். அப்பா முன்பக்கம் பார்க்கவே இல்லை. திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். பிறகு படத்தின் ஓரத்தை நகத்தால் தடவினார்.

"இது கைவேலை இல்லடா. அச்சு ஒட்டிச் சுட்டது. எவ்வளவு குடுத்தே?"

ஆயிரம் ரூபாய் ஆகிறது. "இருநூறுப்பா" என்றேன்.

"ஏமாந்துட்டே."

இப்போது அதன் மேல்தான் அவர் காபி டம்ளர் வைக்கிறார். யார் வீட்டுக்கு வந்தாலும் டம்ளரை எடுத்துவிட்டு, "பையன் லிஸ்பன்லேருந்து வாங்கியாந்தது. டூப்ளிகேட்" என்று காட்டுகிறார்.