இறங்கி ஏறும் கணக்கு

கும்பகோணத்தை மையமாக வைத்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் பார்த்துவிடலாம் என்று காரோட்டிகள் சொல்கிறார்கள், பயண ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள், அரசுப் போக்குவரத்துக் கழகமும் அதற்கென்றே பேருந்து விடுகிறது. பார்த்துவிடலாம் என்பது உண்மைதான். மேற்கே திருவையாற்றுப் பக்கம் திங்களூர், கிழக்கே பூம்புகாரை ஒட்டிக் கீழப்பெரும்பள்ளம். இரண்டுக்கும் நடுவே சாலைவழியில் எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தெற்கே ஆலங்குடி, சனிக்கோ காரைக்கால் எல்லைக்குள் போய்த் திருநள்ளாறு. வயதான அம்மாவையோ அப்பாவையோ அழைத்துப் போக நினைக்கும் பிள்ளைகள் இந்த வரைபடத்தில் முதலில் பார்ப்பது தூரத்தை. குளிர்சாதன வண்டி, நல்ல சாலை, உட்கார்ந்துதானே வரப்போகிறார் என்று மனம் சமாதானமாகிறது. கணக்கு அங்கேயே பிசகுகிறது. எழுபத்தைந்து வயதில் ஒரு நாள் பயணம் வாங்கும் உழைப்பைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. எத்தனை முறை வண்டியை விட்டு இறங்கி மறுபடி ஏறுகிறார் என்பதில்தான் அது இருக்கிறது.

ஒரு கோயிலில் இறங்குவது என்றால் என்ன என்று பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். தாழ்வான காராக இருந்தால் முழங்காலை ஊன்றி எழ வேண்டும். உயரமான வண்டியாக இருந்தால் கால் தரையைத் தேட வேண்டும். வண்டி நிற்குமிடத்திலிருந்து கோபுரம் வரை கடைகளுக்கு நடுவே நடை. செருப்பைக் கழற்ற உட்கார இடம் இருக்காது, ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். பிறகு கருங்கல் தளம், கோபுர வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு நிலைப்படி, மகாமண்டபத்தில் இன்னொன்று, அர்த்தமண்டப இருட்டில் எண்ணெய் சிந்திய மூன்றாவது. சுவாமிமலைக்கு 60 படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் ஆண்டின் பெயர் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி; அதனால் அங்கே போகுமுன் யோசிக்கிறோம். தரைமட்டக் கோயில் என்று நம்பிப் போகும் இடங்களின் படிகளை யாரும் எண்ணுவதில்லை. முப்பது வயதுக்காரருக்கு இதெல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம். அவருடைய அம்மாவுக்கு இருபது நிமிடம் ஆகலாம், திரும்பி வர இன்னொரு இருபது. ஒரு கோயிலுக்கு முக்கால் மணி என்று ஒதுக்கும் திட்டத்தில் சன்னிதியில் நிற்க அவருக்கு எஞ்சுவது ஐந்து நிமிடம். பார்க்க வந்தவர் பாதையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

இதோடு நடுப்பகலும் சேர்கிறது. டெல்டா மாவட்டக் கோயில்களில் பெரும்பாலானவை பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். ஒன்பதையும் முடிக்கத் துடிப்பவருக்கு இது வீணாகும் நேரம். அவசரப் பயணத்தில் இதைச் சாலையிலேயே கழித்துவிட்டு அடுத்த கோயில் வாசலில் திறப்புக்குக் காத்திருப்பார்கள். முதியவரோடு போகிறவருக்கு நாளின் நடுத்தூணே இதுதான். பங்குனி முதல் ஆனி வரை அந்த நேரத்தில் வெளிப்பிராகாரக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. நீரிழிவால் பாத உணர்வு மங்கியவருக்குச் சூடு உறைக்காமலே கொப்புளம் எழும். ஆகவே திட்டமிடும்போது முதலில் முடிவாக வேண்டியது மதியம் எங்கே படுப்பது என்பது. இரவு தங்காவிட்டாலும் கும்பகோணத்தில் ஓர் அறை எடுத்துவிடுவது நல்லது. அரை நாள் உபயோகத்துக்கு முழு வாடகையா என்று கை தயங்கும். ஆனால் அந்த வாடகையில் கிடைப்பது கட்டில் மட்டுமில்லை, வெஸ்டர்ன் கழிப்பறையும்கூட.

கழிப்பறையைப் பற்றி நம் பயணக் கட்டுரைகள் வெட்கப்பட்டு நகர்ந்துவிடுகின்றன. முதியவர்களின் பயணத்தில் அதைவிடப் பெரிய விஷயம் இல்லை. குந்தி உட்கார முடியாதவர், போகுமிடத்தில் என்ன இருக்குமோ என்ற பயத்தில் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். நீர் மாத்திரை போடுகிறவர் அன்றைக்கு மட்டும் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார். வயது ஏற ஏறத் தாக உணர்வும் குறையும். வெயில், நடை, குறைந்த தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் பதினொரு மணிக்கே தலைசுற்றும். தண்ணீர் குடியுங்கள் என்று வற்புறுத்திப் பயனில்லை. அடுத்த கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்கு என்று காலையிலேயே சொல்லிவிட்டால் அவரே குடிப்பார்.

ஆகவே நிறுத்தங்களைக் குறைக்கலாம் என்றால் வரும் மறுப்புகளில் வலுவானது முதியவரிடமிருந்தே வருவது. "இன்னொரு தடவை வரக் கொடுத்துவைத்திருக்கிறதோ என்னவோ, வந்ததே வந்தோம், ஒன்பதையும் பார்த்துவிடலாம்" என்பார்கள். இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. அந்த வயதில் அது வெறும் பேச்சில்லை. ஆனால் ஒன்பதையும் ஒரே பகலில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? இவற்றில் பெரும்பாலானவை அடிப்படையில் சிவாலயங்கள். கிரகச் சன்னிதி அவற்றில் ஒரு பகுதி. ஒரே நாளில் ஒன்பது என்பது மோட்டார் வண்டி வந்த பிறகுதான் நினைத்துப் பார்க்கவே முடிந்த காரியம். ஜாதகம் பார்ப்பவரும் நடக்கிற தசைக்கு உரிய தலத்தைத்தான் முதலில் சொல்வார். வரும் வாய்ப்பு ஒன்றே ஒன்று என்று அம்மா நினைத்தால், அந்த ஒன்றில் எந்தச் சன்னிதியில் நிதானமாக நிற்க ஆசைப்படுகிறார் என்று கேட்பதே அந்த நினைப்புக்குக் கொடுக்கும் மரியாதை. பதில் பல வீடுகளில் நவக்கிரகமாக இருக்காது. கும்பகோணத்துச் சாரங்கபாணியாக இருக்கலாம்.

நோயாளியைப் போல நடத்தினால் அவர்கள் மனம் நொந்துபோவார்கள், நடந்தால்தான் உடம்புக்கு நல்லது என்றும் சிலர் சொல்வார்கள். பாதி சரி. நான் குறைக்கச் சொல்வது நிறுத்தங்களை, நடையை இல்லை. மூன்று கோயிலில் மட்டும் இறங்குகிறவர் அங்கே பிராகாரத்தை முழுதாகச் சுற்றலாம், தூணோரம் உட்காரலாம், மறுபடி சுற்றலாம். ஒன்பதில் இறங்குகிறவர் ஏழாவதில் "நான் வண்டியிலேயே இருக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்" என்கிறார். அவரை நோயாளியாக்குவது அந்தத் திட்டம்தான். வண்டியில் நெடுநேரம் உட்கார்ந்தாலும் கால் வீங்குமே என்று கேட்டால், வீங்கும். மணிக்கொரு முறை நிழலில் நிறுத்தி நாலடி நடக்கலாம். அதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம்.

என் கையில் கொடுத்தால் நாளை இப்படிப் போடுவேன். மாதம், தை அல்லது மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக் கருங்கல் வழுக்கும். கிழமை முக்கியம்: வியாழனன்று ஆலங்குடியும், சனியன்று திருநள்ளாறும், ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை ராகுகாலத்தில் திருநாகேஸ்வரமும் கூட்டத்தில் திணறும். கிரகத்துக்குரிய நாளில்தான் பலன் என்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை. கூட்டத்தில் இடிபடும் முதுகு யாருடையது என்பதை மட்டும் யோசிக்கச் சொல்வேன். செவ்வாய் ராகுகாலமும் மாலையில்தான், புதன் என்றால் நல்லது. காலை ஏழு மணிக்குத் திருநாகேஸ்வரம், அதை ஒட்டியே உப்பிலியப்பன். இரண்டும் கும்பகோணத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள். உப்பிலியப்பனுக்கு நைவேத்தியத்தில் உப்பே கிடையாது, இரத்த அழுத்தக்காரர் பயப்படாமல் வாங்கிச் சாப்பிடக்கூடிய அபூர்வப் பிரசாதம். பதினொன்றுக்குள் அறை, சாப்பாடு, மாத்திரை, தூக்கம். மாலை நாலரைக்குத் தாராசுரம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே சிற்பங்கள் கண்மட்டத்தில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில்போல அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காது.

வண்டி பேசும்போதே காரோட்டியிடம் ஒன்று சொல்லிவைக்க வேண்டும்: மாலைக் கோயில் நிச்சயமில்லை, அம்மா எழுந்த பிறகுதான் முடிவு. வாடகை முழு நாளுக்கே தரப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், "இன்னும் ரெண்டு கோயில் பக்கத்துலதான் சார், அரை மணியில பாத்துடலாம்" என்று அவர் ஆசை காட்ட மாட்டார்.