மானும் மழுவும்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் அமைந்த தொன்மையான ஊர் திருமழபாடி. ஏலாக்குறிச்சிக்குச் சென்று திரும்பும் வழியில், ஒரு கோடைப் பிற்பகலில் அங்கு இறங்கினோம். சிவபெருமான் மழு ஏந்தி ஆடியதால் ‘மழுவாடி’ என்றாகி, பின்னர் மழபாடி எனத் திரிந்தது என்பது தலவரலாறு. மழவர் தங்கிய பாடி என்பாரும் உளர். அப்பெருமானின் ஒரு கையில் மழு. மற்றொரு கையில் துள்ளும் மான்!

மர நிழலில் நம்மோடு அமர்ந்திருந்த முதியவர் பெரம்பலூர்ப் பக்கத்து உழவர். காட்டோரம் மக்காச்சோளம் பயிரிடுபவர். “கோடையில் தண்ணீர் தேடிப் புள்ளிமான்கள் இறங்கி வரும், ஐயா. பயிரை மேய்ந்தால் நட்டந்தான். ஆனால் கிணற்றில் விழுந்து கிடப்பதைக் கண்டால் மனம் தாங்காது” என்றார்.

அமெரிக்க நாட்டு வழக்கமொன்றை அவரிடம் கூறினோம். அங்கே வேட்டைக்காரர் காட்டோரத்தில் சிறு பாத்திகளில் ஓட்ஸ், டர்னிப், குளோவர் முதலியவற்றை விதைப்பர். மேய வரும் மானைப் பரண்மீது காத்திருந்து சுடுவர். குவித்து வைத்த இரைக்குத் தடையுள்ள சில மாநிலங்களிலும், விளைந்து நிற்கும் பயிருக்குத் தடையில்லை.

“இலை போட்டு உட்கார வைத்துக் கழுத்தை அறுப்பதா?” என்று திகைத்தார் பெரியவர்.

அங்கே மான்கள் பெருகிவிட்டன என்பதும், உரிமம் பெற்று, குறித்த பருவத்தில் மட்டுமே வேட்டையாடுவர் என்பதும் உண்மையே. நாமும் பெருமை பேசுவதற்கில்லை. பழகிய பெண்மானைக் காட்டிக் காட்டுமானைப் பிடிக்கும் வழக்கம் பண்டைத் தமிழகத்திலும் இருந்தது. அதற்குப் ‘பார்வை மான்’ என்று பெயர்.

வீரை வெளியனார் பாடிய புறநானூற்று 320ஆம் பாடலில் அத்தகைய வேட்டுவன் ஒருவன் முற்றத்தில் உறங்குகிறான். அவனது பார்வை மானோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து விளையாடுகிறது. கணவன் விழித்துவிடுவானோ, கலை பிரிந்துவிடுமோ என அஞ்சி, மனையாள் ஓசையின்றி ஒதுங்கி நிற்கிறாள். மான்தோலில் உலரவைத்த தினையைக் கானக்கோழியும் இதலும் தின்று தீர்க்கின்றன. அவள் விரட்டவில்லை!

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் மான் வேட்டையைத் தடுக்கிறது. எனினும் வயலைச் சுற்றித் திருட்டு மின்கம்பி இழுப்போர் இன்றும் உளர். உழவனின் இழப்பு மெய். அதை ஈடு செய்வது அரசின் கடமை. அதற்காக உணவு விளையும் நிலத்தைக் கொலைக்களமாக்கலாமா?

விடைபெறுகையில் பெரியவர் கூறினார்: “இந்த ஆண்டு வரப்போரம் ஒரு தொட்டி கட்டித் தண்ணீர் வைத்தேன், ஐயா. கிணற்றுப் பக்கம் ஒன்றும் வரவில்லை.”