கரமனைக் கரையில் ஒரு நாள்

சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் திருவனந்தபுரம் சென்றிருந்த நாம், ஒரு காலைப் பொழுதைக் கரமனைக்கென்று ஒதுக்கினோம். பத்மநாபசுவாமி திருக்கோயிலையும் கோவளத்துக் கடற்கரையையும் கண்டு மகிழ்ந்து திரும்புவோர் பலர். கரமனையை நாடிச் செல்வோர் சிலரே. நாம் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் மகனுக்கு வயது இருபத்து நான்கு. பொறியியல் பட்டம் பெற்று, நல்ல ஊதியத்தில் பணியிலும் அமர்ந்துவிட்டான். ஆயினும் புறப்படுவதற்கு முந்திய வாரம், "எல்லாம் இருக்கிறது அம்மா, இதற்காகத்தான் பிறந்தேனா என்பதுதான் தெரியவில்லை" என்று தன் தாயிடம் சொன்னானாம். பத்து வயதில் மிருதங்கம் கற்க வேண்டுமென்று அவன் கேட்டபோது, "முதலில் பரீட்சை, பிறகு பார்க்கலாம்" என்று தடுத்தவர்கள் நாமே. அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

தம்பானூர் இரயில் நிலையத்திலிருந்து நாகர்கோவில் சாலையில் சென்றால் சிறிது நேரத்தில் கரமனை வந்துவிடுகிறது. வண்டிகள் இரையும் அகன்ற சாலையை விட்டு உள்ளே திரும்பினோம். ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகள் வரிசையாய் நிற்கும் அக்கிரகாரத் தெருக்கள். திண்ணையுள்ள பழைய வீடுகளுக்கிடையே புதிய மாடி வீடுகள். வாசலில் அரிசிமாக் கோலம். காய்கறிக்காரரிடம் மலையாளத்தில் விலை பேசி முடித்த மூதாட்டி ஒருவர், திரும்பித் தம் பேத்தியைத் தமிழில் அழைத்தார். இரு மொழிகளும் அவர் நாவில் இரு சகோதரிகளைப் போல் வாழ்ந்திருந்தன. சத்யவாகீசுவரரைத் தொழுதுவிட்டு ஆற்றங்கரைக்குச் சென்றோம்.

கரமனையாறு பெரிய ஆறன்று. அகத்தியமலைப் பகுதியில் தோன்றி, 68 கிலோமீட்டர் ஓடித் திருவல்லத்திற்கு அப்பால் கடலோடு கலந்துவிடுகிறது. எனினும் அருவிக்கரையில் தேக்கப்படும் இவ்வாற்று நீரே தலைநகரின் தாகத்தைத் தணிக்கிறது. ஓடும் தொலைவு குறைவு. ஆற்றும் தொண்டோ பெரிது.

இக்கரமனையில் வாழ்ந்தவர் நீலகண்ட சிவன். 1839-இல் நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்தில் பிறந்தவர். 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த அந்த நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது என்பதை நேயர்கள் அறிவீர்கள். பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமியிடம் கொண்ட பக்தியே அவருக்குப் பெயராயிற்று. 1900-இல் மறையும் வரையில் சிவபெருமானைத் தமிழில் பாடிப் பரவினார். சிவகிருபை என்று கிட்டுமோ என்று அவர் ஏங்கும் முகாரி ராகக் கீர்த்தனையைக் கேட்டுக் கண் கலங்காதவர் அரியர். அவர் பெயரால் இவ்வூரில் இசை விழாவும் நடைபெற்று வந்திருக்கிறது.

அவர் மறைவதற்குச் சற்று முன்பு, 1899-இல், தஞ்சை மாவட்டத்துப் போலகத்திலிருந்து ஒரு விதவைத் தாய் தம் பிள்ளைகளுடன் உறவினர் ஆதரவை நாடித் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். பிள்ளைகளுள் ஒருவன் ராமையா. தந்தையை இழந்தபோது அவனுக்கு வயது ஏழு. பிழைக்க வந்த குடும்பம்; புதிய ஊர்; புதிய மொழி. நம்மில் எத்தனை குடும்பங்களின் கதை இது! ராமையா மலையாளம் கற்றான். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்று வியாகரணத்தில் பட்டமும் பெற்றான். ஆனால் வகுப்பில் கற்ற இலக்கணத்தோடு, நீலகண்ட சிவனின் பாடல்களும் பஜனை மரபும் அவன் நெஞ்சில் குடியேறிவிட்டன.

1910-இல் தாயும் மறைந்தார். பட்டதாரியான இளைஞருக்கு உத்தியோகம் தேடுவதே உலக வழக்கு. ராமையாவோ ஊர் ஊராய்க் கோயில்களை நாடிப் பாடிக்கொண்டே நடந்தார். தமையனார் இருந்த பாபநாசம் ஊர்ப்பெயராய் வந்து ஒட்ட, நெற்றி நிறைந்த திருநீற்றுக் கோலத்தைக் கண்டோர் 'சிவன்' என்று அழைக்க, பாபநாசம் சிவன் உருவானார். கச்சேரி மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே மிகுந்திருந்த அந்நாளில், தமிழில் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளைப் பொழிந்தார். மயிலை மாட வீதிகளில் மார்கழிதோறும் பஜனை நடத்தினார். 1971-இல் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது, 1973-இல் மறைந்தார். கல்லூரியில் கற்றதும் வீண்போகவில்லை; பெரியதொரு வடமொழிச் சொல்லகராதியையும் அவரே தொகுத்தளித்தார்.

ஆற்றங்கரையில் அமர்ந்து இவற்றையெல்லாம் சொல்லி முடித்தோம். மகன் நெடுநேரம் நீரையே நோக்கிக்கொண்டிருந்தான்.

"ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டபோது அவருக்கு என்ன வயது, அப்பா?"

"இருபது."

"எனக்கு இருபத்து நான்கு ஆகிவிட்டதே."

எம்மிடம் விடை இல்லை. வேலையை விட்டுவிடு என்று சொல்லும் துணிவும் நமக்கில்லை. அதுதான் வழியென்றும் நாம் கருதவில்லை. நாம் தடுத்தது தவறு என்பதை மட்டும் அவனிடம் ஒப்புக்கொண்டோம். அவன் சிரித்தான். மாலையில் சாலைக் கடைத்தெரு வழியே திரும்பும்போது, "நம் ஊரில் மிருதங்கம் சொல்லித் தருபவர் யாராவது இருக்கிறாரா, விசாரித்துப் பாருங்கள்" என்று தாயிடம் மெல்லச் சொன்னான்.

நேயர்களே! தன்னை அறிதல் என்பது காட்டுக்குச் சென்று கண் மூடி அமர்வது மட்டுமன்று. சிறு வயதில் எந்த ஒலிக்கு நம் உள்ளம் தானே திரும்பியதோ, அதை மறவாதிருத்தலும் தன்னை அறிதலே. ராமையாவுக்கு அவ்வொலி கரமனையில் ஒலித்தது, பிறந்த மண்ணை விட்டு வந்த பிறகு, யாரோ ஒரு பெரியவரின் பாட்டில். நம் குழந்தைகள் எந்த ஒலிக்குத் திரும்புவார்கள் என்பதை நாம் அறியோம். அவர்கள் திரும்பும்போது, "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லாதிருப்போம். நம் வீட்டிலும், நம் சங்கத்திலும் அவர்கள் கேட்பதற்கு ஒரு பாட்டாவது ஒலித்துக்கொண்டிருக்கட்டும்.