ஒரு பர்சென்ட்

வீடு காட்டிக்கொடுத்த தரகருக்கு நான் கமிஷன் கொடுக்கவில்லை. கையில் பணம் இருந்தது. கொடுக்காமல் தப்பிக்க வழியும் இருந்தது, அதனால் கொடுக்கவில்லை. தொகை 68,000 ரூபாய்.

சென்னையில் பழைய ஃபிளாட் கைமாறும்போது தரகு வழக்கம் பலருக்கும் தெரிந்ததுதான். வாங்குபவர் ஒரு பர்சென்ட், விற்பவர் ஒரு பர்சென்ட். சிலர் இரண்டு கேட்பார்கள், பேசிக் குறைக்கலாம். பெரும்பாலும் எழுத்து கிடையாது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறதே என்பீர்கள். அது ரெராவில் பதிவான திட்டங்களில் பில்டர் விற்கும் வீடுகளுக்கு. ஒருவர் குடியிருந்துவிட்டு விற்கிற வீட்டுக்கு அந்த விதி எட்டாது. அங்கே தரகர் நம்பி நிற்பது நம் வாய்வார்த்தையை மட்டும்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தனியார் நிறுவனத்தில் உள்தணிக்கை என் வேலை. சக ஊழியர்களின் டாக்சி பில்லில்கூட சிவப்பு மையால் சுழிக்கிறவன் நான்.

2023 டிசம்பர் மழை வடிந்த பிறகு வீடு தேட ஆரம்பித்தோம். நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் என்று ஒரு வட்டம். இரண்டு தரகர்கள் அமைந்தார்கள். ஒருவருக்கு முப்பது வயதிருக்கும். ஏசி காரில் கூட்டிப்போவார், நான் எதைச் சொன்னாலும் "கரெக்ட் சார்" என்பார். இன்னொருவர் அறுபதைத் தாண்டியவர், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருவார். அவரிடம் ஒரு வினோதப் பழக்கம். வீட்டைத் திறந்ததும் குறையைத்தான் முதலில் சொல்வார். "2015-லயும் சரி, இப்பவும் சரி, இந்தத் தெருவுல தண்ணி நின்னுச்சு சார். கீழ மோட்டார் முழுகிடுச்சு." இன்னொரு இடத்தில், "யூடிஎஸ், அதான் நிலத்துல உங்க பங்கு, ரொம்பக் கம்மி. நாளைக்கு இடிச்சுக் கட்டுனா உங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது." இவருக்கு வியாபாரம் தெரியவில்லை என்று நான் நினைத்தேன். கார்க்காரரின் போனை முதல் மணியிலேயே எடுப்பேன். இவருடையதைச் சில நாள் எடுக்கவே மாட்டேன்.

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றைக் கார்க்காரர் காட்டினார். காற்று, வெளிச்சம், விலை எல்லாமே பிடித்துப்போனது. பெரியவரிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "அந்த பில்டிங்கா? பிளான்ல தரைத்தளத்துக்கு மேல ரெண்டு மாடிதான் சார். மூணாவது பிளான்லயே கிடையாது. பேங்க் லோன் வராது" என்றார். கமிஷன் தனக்கு வராத வீடு, அதனால் கெடுக்கப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கார்க்காரரோ "வரன்முறை பண்ணிக்கலாம் சார், எல்லாரும் பண்றாங்க" என்றார். அந்த வரன்முறைத் திட்டம் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கானது. இந்தக் கட்டடம் 2012-ல் எழும்பியது. ஊழியரின் ஓட்டல் பில்லில் தேதி பார்க்கிற எனக்கு இங்கே தேதி பார்க்கத் தோன்றவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி. ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன். வங்கியின் வழக்கறிஞர் கேட்ட அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்த மாடியே இல்லை. லோன் போனது, டோக்கனும் திரும்பவில்லை, கார்க்காரர் போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

பெரியவரிடமே திரும்பிப் போனேன். "அந்த வீடு என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார். "நீங்க சொன்னதும் வேண்டாம்னு விட்டுட்டேன்" என்றேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அவர்தான் நங்கநல்லூர் வீட்டைக் காட்டினார். மூலப்பத்திரத்திலிருந்து நகல்களை வாங்கி வரிசையாக அடுக்கி, முப்பது வருஷ வில்லங்கச் சான்றையும் போட்டு ஒரு பைல் தந்தார். அந்தப் பைலை அப்படியே என் வழக்கறிஞரிடம் கொடுத்தேன். அவர் அதில் குறை எதுவும் காணவில்லை. வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார். படிக்கட்டுக்குக் கீழே அறிவிப்புப் பலகையில் சங்கத்தார் ஒட்டியிருந்த பட்டியலில் அவர் நம்பர் இருந்தது. அன்று ராத்திரியே கூப்பிட்டேன். "டைரக்ட் பார்ட்டிதான் சார், நடுவுல யாரும் இல்ல" என்றேன். அவருக்கும் ஒரு பர்சென்ட் மிச்சம், அவர் ஏன் துருவிக் கேட்கப்போகிறார்? 68 லட்சத்துக்கு முடிந்தது. பெரியவரிடம் "வீட்ல பிடிக்கலைன்னு சொல்லிட்டாங்க" என்று மனைவி மேல் பழியைப் போட்டேன். அவளோ "அந்தப் பெரியவருக்கு என்ன குடுக்கப்போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பார்த்துக்கலாம் என்றேன்.

அப்போது எனக்குள் ஓடிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தரகர்களால் ஏற்கெனவே ஒரு லட்சம் இழந்துவிட்டேன், இன்னொரு தரகருக்கு எதற்கு அழவேண்டும்? ஒருவர் கணக்கில் விழுந்த நஷ்டத்தை, எச்சரித்தவர் கணக்கில் எழுதிச் சரிக்கட்டினேன். அலுவலகத்தில் யாராவது இப்படி எழுதியிருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 6,12,000 ரூபாயை முணுமுணுக்காமல் அரசுக்குக் கட்டினேன். ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்பதால் விற்பவருக்குச் சேரவேண்டியதில் ஒரு பர்சென்ட் பிடித்து வருமான வரித்துறைக்கும் செலுத்த வேண்டும். அதுவும் 68,000 ரூபாய்தான். கெடுவுக்கு முன்பே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்தினேன். அதே தொகை பெரியவருக்கு என்றால் மட்டும் கை வரவில்லை. அவரால் நோட்டீஸ் அனுப்ப முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையே அவர் தினமும் வாட்ஸாப்பில் வீட்டுப் படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். பொய்யைக் காப்பாற்ற ஒன்றிரண்டைப் போய்ப் பார்க்கவும் செய்தேன். வெயிலில் அவர் முன்னால் வண்டியில் போக, வாங்கப்போகாத வீட்டைப் பார்க்க நான் பின்னால் போனேன். கமிஷனைவிட இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

பத்திரப் பதிவன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் எண்ணுக்காகக் காத்திருந்தோம். வேறொரு பார்ட்டியோடு அவர் உள்ளே வந்தார். என் பக்கத்தில் வீட்டுக்காரர், அவர் மடியில் ஒரிஜினல் பத்திரங்கள். பெரியவருக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பக்கத்தில் வந்து, "கேட்டிருந்தா அரை பர்சென்ட்டுக்கே ஒத்துக்கிட்டிருப்பேன் சார்" என்றார். பிறகு, "கரண்ட் கார்டும் வீட்டு வரியும் சீக்கிரம் பேர் மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பார்ட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் நம்பரைப் போட்டால் ஜிபேயில் பெயர் வருகிறது. சில முறை தொகையை அடித்துவிட்டு அழித்திருக்கிறேன். பணம் போனால் அவர் கூப்பிடுவார், பேச வேண்டியிருக்கும். இன்றுவரை அனுப்பவில்லை.

நங்கநல்லூர்ப் பக்கம் பழைய வீடு தேடுகிறவர்கள் கேட்டால் அவர் நம்பரைத் தருகிறேன். வீட்டின் குறையை முதலில் சொல்வார், பயந்துவிடாதீர்கள். கமிஷன் எவ்வளவு என்பதை மட்டும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.