காமிராவுக்கு என்ன தெரியும்?

எந்த வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் இதைக் கவனிக்கலாம். வீட்டில் ஒருவர் எல்லாப் படங்களிலும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். இன்னொருவர் எந்தப் படத்திலும் தம் சொந்த நிறத்தில் இருக்க மாட்டார். ஒரு படத்தில் அடுப்புக் கரி, அடுத்த படத்தில் மாவு பூசிய முகம்! "அவளுக்குப் போட்டோ முகம் இல்லை" என்று சுலபமாகச் சொல்லி ஆல்பத்தை மூடிவிடுவோம். போட்டோவுக்கென்று தனியாக ஒரு முகத்தைக் கடவுள் யாருக்கும் படைத்ததாகத் தெரியவில்லை. முகத்தைக் குறை சொல்லுமுன், அந்தக் காமிராவுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கொஞ்சம் பார்த்துவிடலாமே!

எங்கள் வீட்டில் அந்த 'இன்னொருவர்' என் மகள்தான். அப்பாவைக் கொண்டு பிறந்தவள். நல்ல கறுப்பு, நல்ல களை. "கறுப்பே அழகு, காந்தலே ருசிடி, கண்ணு" என்று என் மாமியார் அவள் தலையை வருடிக் கொடுப்பார். பன்னிரண்டு வயது வரை அந்தப் பழமொழி அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பதின்மூன்றாவது வயதில் போதவில்லை. கல்யாண வீடுகளில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டால், "எனக்கு வயிறு வலிக்குதும்மா" என்று சாப்பாட்டுக் கூடத்துக்கு நழுவிவிடுவாள். எனக்குப் புரியாதா என்ன? ஆல்பம் வந்ததும் அத்தை பெண்களும் சித்தி பெண்களும் அவள் படத்தைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள். ஒரு நிகழ்ச்சியின் அழைப்பிதழில் போடப் படம் வேண்டியிருந்தது. ஸ்டுடியோவில் எடுத்தோம். படத்தை வாங்கப் போனபோது ஸ்டுடியோக்காரர் பெருமையாக, "பாப்பாவுக்கு ரெண்டு ஷேடு ஏத்தியிருக்கேன், மேடம்" என்றார். மகள் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இது யாரும்மா?" என்றாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை. "பரவாயில்லை, இதையே போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டாள். அதுதான் என்னைச் சுட்டது. அவள் ஆடப்போவதோ கண்ணனைப் பற்றிய பதம். கிருஷ்ணன் என்ற பெயருக்கே கறுப்பன் என்றுதான் பொருள்!

வீட்டு அலமாரியில் என் கணவரின் பழைய டிஜிட்டல் காமிரா ஒன்று இருந்தது. பித்தானைத் திருப்பி 'ஆட்டோ'வில் வைத்து அமுக்குவதோடு சரி. அதில் வேறு என்ன உண்டென்று வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அதனுடன் வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. ஒன்று எக்ஸ்போஷர், மற்றொன்று 'பர்ஸ்ட்' என்கிற தொடர் படம். இந்த இரண்டையும் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முறம் அரிசியும், ஒரு முறம் உளுந்தும், மகளின் ஆடல் பாடமும் போதுமானதாக இருந்தன.

முதலில் அரிசி, உளுந்து. பச்சரிசியை ஒரு முறத்திலும் தோல் நீக்காத கறுப்பு உளுந்தை இன்னொன்றிலும் பரப்பி மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். முறத்தின் விளிம்பு தெரியாதபடி கிட்டே போய், ஆட்டோவில் ஆளுக்கொரு படம். என்ன வந்தது தெரியுமா? அரிசி அழுக்கு வெள்ளையாய், மங்கலாய் இருந்தது. உளுந்தோ வெளுத்துப்போய் இருந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம்!

காரணம் சுலபமானது. காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவிக்கு முன்னால் இருப்பது அரிசியா, உளுந்தா என்று தெரியாது. உலகத்தில் எல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளையைப் பார்த்தால், 'அடடா, வெளிச்சம் அதிகம்' என்று குறைக்கிறது. கறுப்பைப் பார்த்தால், 'ஐயோ, இருட்டு' என்று கூட்டுகிறது. குழம்பில் என்ன இருக்கிறதென்று பாராமல் எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே கரண்டி உப்புப் போடுகிற சமையல்காரியைப் போலத்தான்.

இதைத் திருத்துவதற்கென்றே பெரும்பாலான காமிராக்களில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தானோ திருகியோ இருக்கிறது. கூட்டல் ஒன்று வைத்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு. கழித்தல் ஒன்று வைத்தால் பாதி. நடுவில் மூன்றில் ஒரு பங்காகவும் ஏற்றி இறக்கலாம். அரிசிக்குக் கூட்டல் ஒன்றரை அளவில் வைத்ததும் வெள்ளை வெளேரென்று அரிசி அரிசியாக வந்தது. உளுந்துக்குக் கழித்தல் ஒன்று வைத்தேன். கறுப்பு திரும்பி வந்தது.

இப்போது என் மகளின் ஆல்பம் முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னாலோ வானத்துக்கு எதிரிலோ நிற்கவைத்தால், காமிரா சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கிறது, முகம் கரியாகிறது. அங்கே கூட்டல் ஒன்று வேண்டும். மேடையில் கறுப்புத் திரைக்கு முன் நின்றால், திரையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது, முகம் வெளுக்கிறது. அங்கே கழித்தல் ஒன்று வேண்டும். கறுத்த முகம் மட்டும் படம் நிறைய இருந்தால் கழித்தல் அரை போதும். புதிய காமிராக்கள் முகத்தைத் தேடிப் பிடித்து அளக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் அந்த முகம் எவ்வளவு கறுப்பு என்று அவற்றுக்கு யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும்.

நிறத்தைச் சராசரியாக்குகிற இந்த வழக்கத்துக்குப் பிலிம் காலத்தில் இன்னொரு கிளையும் இருந்தது. 1950களிலிருந்து கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் இடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்தப் பெண்ணின் தோல் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. முதலில் அட்டைக்கு நின்ற பெண்ணின் பெயரை வைத்து, பின்னால் யார் படம் வந்தாலும் 'ஷர்லி அட்டை' என்றே சொல்லிவந்தார்கள். கறுத்த தோல்களின் நுணுக்கம் பிலிமில் சரியாக விழாததற்குப் பல வருஷம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சாக்லேட் விற்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும், "எங்கள் சரக்கின் பழுப்பு நிற வித்தியாசங்கள் விளம்பரத்தில் தெரியவில்லையே" என்று குறைப்பட்ட பிறகுதான் அந்தக் கவனம் வந்தது என்று கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்களுக்காக வராத திருத்தம் சாக்லேட்டுக்காக வந்தது!

நிறத்தின் கதை இது. இனி நேரத்தின் கதை.

நாம் நிமிஷத்துக்குப் பதினைந்து இருபது தடவை கண் சிமிட்டுகிறோம். குரூப் போட்டோவில் பத்துப் பேர் இருந்தால் யாராவது ஒருவர் மூடியிருப்பது சகஜம்தானே? ஆஸ்திரேலியாவில் பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் என்ற இருவர் இதையே ஒரு கணக்காகப் போட்டு, 2006ல் வேடிக்கை ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசு வாங்கினார்கள். இருபது பேருக்குக் குறைவான கூட்டமானால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள். மங்கல் வெளிச்சத்தில் இரண்டால் வகுங்கள். அத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோரும் கண் திறந்திருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. பன்னிரண்டு பேருக்குப் பகலில் நாலு படம், மங்கலில் ஆறு படம். 36 படம் உள்ள பிலிம் சுருளில் இதற்கெல்லாம் மனசு வருமா? டிஜிட்டலில் காசு செலவில்லை. பர்ஸ்டில் வைத்து அமுக்கிப் பிடித்தால், சாதாரணக் காமிராவே நொடிக்கு நாலைந்து படம் எடுத்துவிடுகிறது. புதியவை பத்து, இருபதுகூட எடுக்கின்றன.

ஆனால் ஒன்று. பர்ஸ்ட் வைத்தால் ஆடுகிறவர்களின் கையும் காலும் கலங்காமல் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பர்ஸ்ட் எண்ணிக்கையைத்தான் தரும். கலங்காமல் இருக்க ஷட்டர் வேகம் வேண்டும். அபிநயத்துக்கு நொடியில் 1/160 பங்கு தாராளம். குதிப்புக்கும் சுழலுக்கும் 1/500 வேண்டும். வேகம் கூடினால் வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட லென்ஸின் வாயை அகலத் திறக்கலாம், அல்லது ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டலாம். ஐ.எஸ்.ஓ. ரொம்ப ஏறினால் படத்தில் ரவை தூவியதுபோல் புள்ளிகள் வரும். கலங்கின முகத்தை விட ரவை தூவின முகம் எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

நிகழ்ச்சி, ஊர்க்கோயில் நவராத்திரி மேடையில். முந்தின நாள் ஒத்திகையிலேயே நடன ஆசிரியையிடம் அனுமதி வாங்கி, மேடை விளக்கைப் போடச் சொல்லி மகளின் முகத்துக்கு அளந்து வைத்துக்கொண்டேன். எஃப் 2.8, 1/500, ஐ.எஸ்.ஓ. 3200. எல்லாவற்றையும் கையால் வைக்கும் 'எம்' முறையில்தான் வைத்தேன். ஆட்டோவில் விட்டால் வெள்ளை உடுத்திய பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாலே என் மகள் கறுத்துவிடுவாளே! எங்கே வெளிச்சம் மிஞ்சிப் போகிறதோ அந்த இடத்தைத் திரையில் கண் சிமிட்டிக் காட்டும் வசதியும் காமிராவில் உண்டு. நெற்றிச்சுட்டிக் கல் சிமிட்டினால் சிமிட்டட்டும். நெற்றி சிமிட்டக் கூடாது. அதுதான் நான் வைத்துக்கொண்ட அளவு. ஃப்ளாஷ் கிடையவே கிடையாது. ஆடுகிற குழந்தையின் கண்ணைக் கூசவைக்கும்; முகத்தைத் தட்டையாக்கும்; பர்ஸ்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவும் முடியாது.

எப்போது அமுக்குவது? இதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை. தொடர்ந்து அமுக்கிக்கொண்டே இருந்தால் காமிராவின் தாற்காலிக நினைவு நிரம்பி, சரியான நேரத்தில் திணறி நின்றுவிடும். ஆனால் நாலு வருஷமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் தினம் சாயங்காலம் தட்டிய ஜதிகள் என் காதில் இருக்கின்றன. தீர்மானத்தில் 'ததிங்கிணதொம்' மூன்று தடவை வரும். மூன்றாவதில் 'கிண' என்னும்போதே விரலை வைத்தால், 'தொம்' என்று பாதம் விழுகிற இடம் ஐந்து படங்களின் நடுவில் வந்து உட்காரும். குதிப்பில் உடம்பு உச்சிக்குப் போனதும் ஒரு கணம் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. அவள் முழங்கால் மடங்கும்போதே அமுக்கினால் அந்தக் கணம் அகப்படும். வாடகைக்கு வந்த போட்டோக்காரரிடம் என்னுடையதைப் போல மூன்று மடங்கு விலையுள்ள காமிரா இருந்தது. ஆனால் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

மொத்தம் 240 படங்கள். ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் உட்கார்ந்து அரிசி ஆய்வதுபோல் ஆய்ந்தோம். மிஞ்சியவை 19. பர்ஸ்ட் எடுப்பவர்கள் இந்த வேலைக்குச் சோம்பினால் வீடு முழுவதும் குப்பைதான் சேரும். ஒரு படத்தில் அவள் இரண்டு காலும் தரையை விட்டெழ, பின்னல் தனியே பறக்க, ஆகாயத்தில் இருக்கிறாள். "பல்லு தெரியுதும்மா" என்றாள். ஆனால் அழிக்கவில்லை. பிறகு, புடவைக்கு ரவிக்கைத் துணி ஒத்துப் பார்ப்பதுபோல, தன் முன்னங்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, படத்தில் உள்ள கையோடு ஒத்துப் பார்த்தாள். "சரியா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது கதை. இன்னமும் சில வீடுகளில் அவளுக்கு வயிறு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில், "அண்ணா, என்னை வெளுக்காம எடுங்க. உள்ளபடி இருக்கட்டும்" என்று போட்டோக்காரரிடம் அவளே சொன்னது என் காதில் விழுந்தது. என் மாமியார் சிரிக்கும்போது பொக்கை வாயைக் கையால் மறைத்துக்கொள்வார். கை மேலே போவதற்குள் பர்ஸ்டில் பிடித்து, அந்தப் படத்தையும் அவளே எடுத்து மாட்டியிருக்கிறாள்.

காமிரா இல்லாதவர்கள் செல்போனிலேயே இதைச் செய்யலாம். முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் ஒரு சூரியன் படமோ கோடோ வரும். அதை மேலே கீழே நகர்த்தினால் வெளிச்சம் கூடும், குறையும். பல போன்களில் பொத்தானை அமுக்கிப் பிடித்தாலோ ஒரு பக்கம் இழுத்தாலோ பர்ஸ்ட் ஓடும். முகத்தை 'அழகு'படுத்தும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்திவிடுங்கள்.

அடுத்த விசேஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அரிசியும் உளுந்தும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். அரை மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிடும். எடுத்து முடித்ததும் இரண்டையும் மறக்காமல் ஊறப் போட்டுவிடுங்கள். மறுநாள் காலை இட்லிக்கு ஆயிற்று!