இரணைமடுக் கரையில் ஓர் இரவு

கிளிநொச்சி நகருக்குத் தெற்கே, ஏ9 வீதியிலுள்ள இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்பிச் சென்றால் இரணைமடுக் குளத்தை அடையலாம். 'இரணை' என்றால் இரட்டை. இரண்டு மடுக்கள் ஒன்றாகி உருவான குளம் என்பதால் இந்தப் பெயர். வவுனியாப் பக்கமிருந்து வரும் கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920களின் தொடக்கத்தில் நிறைவு பெற்றது. அதன்பின் அணை பல தடவைகள் உயர்த்தப்பட்டது. கடைசியாக, 34 அடியிலிருந்து 36 அடிக்கு நீர் தேக்கக்கூடியதாகத் திருத்தப்பட்டு 2018 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. கிளிநொச்சி வயல்களுக்கு உயிர் கொடுப்பது இந்தத் தண்ணீர்தான்.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில், சேமிப்புக் குழுவொன்றைச் சேர்ந்த நான்கு குடும்பங்களுடன் நானும் அங்கே சென்றேன். அவற்றில் மூன்று குடும்பங்களுக்குப் பெண்களே தலைமை. "ஆம்பிளைத் துணையில்லாமல் இரவிலை தங்கிறதோ?" என்று ஊரில் கேட்காதவர் இல்லை. குளத்தை அண்டி, உறவினர் ஒருவரின் குடும்பம் குடியிருக்கும் காணியில்தான் தங்குகிறோம் என்ற பிறகே பேச்சு அடங்கியது. பானை, அரிசி, பாய், தண்ணீர்க் கான் எல்லாவற்றையும் லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றினோம்.

கோடையில் தண்ணீர் வற்றிக் கரை அகன்று கிடந்தது. கொக்குகள் சேற்றில் இரை தேடின. கச்சான் காற்று ஓயாமல் வீசியது. குளத்து மீன் வாங்கிக் குழம்பு வைத்தோம். சமைத்த பெண்கள் கடைசியாகச் சாப்பிடாமல், பிள்ளைகளுடன் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். வீட்டில் காண முடியாத காட்சி அது.

பொழுது சாயும்போது இரண்டு மரங்களுக்கிடையே தறப்பாள் கட்டினோம். பிள்ளைகள் உள்ளே புகுந்து கூத்தாடினார்கள். கூட வந்திருந்த அம்மம்மா மட்டும் தள்ளிப்போய் இருந்தார்.

"உதுக்குள்ளை நான் படுக்கமாட்டன் பிள்ளை. பட்டது காணும்."

2009இல் பதுங்குகுழியின் மேலும், பின்பு செட்டிகுளம் மெனிக் பாமிலும் தறப்பாளே அவருக்குக் கூரை. அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அவரது மகள் அப்போது பள்ளிச் சிறுமி. இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். "அம்மா, அங்கையும் குளம் இருந்ததோ?" என்று அவரின் மூத்த பிள்ளை கேட்டது. "இல்லையடா, தண்ணிக்கு வரிசைதான் இருந்தது" என்றார். அன்றிரவு முகாம் வாழ்க்கை பற்றிப் பிள்ளைகள் கேட்கக் கேட்கச் சொன்னார். இதுவரை வீட்டில் சொல்லாத கதைகள் அவை.

அம்மம்மாவை யாரும் வற்புறுத்தவில்லை. மகள் தன் பாயை இழுத்துவந்து வெளியே அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். விடிந்ததும் தறப்பாளைத் தட்டி மடித்தவர் அம்மம்மாதான். "மழைக்கு நெல்லு மூட உதவும்" என்றார்.

'முகாம்' என்ற சொல் எங்களுக்கு முட்கம்பியையும் வரிசையையுமே நினைவூட்டுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அதே சொல் ஒரு குளக்கரையையும் நினைவூட்டட்டும். நாமாகப் புறப்பட்டுப் போவதும், நினைத்த நேரம் வீடு திரும்ப முடிவதுமே அந்த முகாமுக்கும் இந்த இரவுக்கும் உள்ள வேறுபாடு.

சகோதரிகளே, நீங்களும் போகலாம். சில விடயங்களைக் கவனியுங்கள். காணிக்காரரிடம் அனுமதி பெற்று, கிராம அலுவலருக்கும் தெரியப்படுத்துங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டு மக்கள் புழங்கும் இடங்களில் மட்டும் தங்குங்கள். புதிய பாதைகளில் பிள்ளைகளை விடாதீர்கள். குளங்களில் முதலைகள் உண்டு. நீருக்கு அருகில் படுக்க வேண்டாம். யானை நடமாட்டம் பற்றி ஊரவரிடம் கேட்டறியுங்கள். குடிநீரைக் கொண்டு செல்லுங்கள். பழைய நினைவால் யாராவது கலங்கினால் வற்புறுத்தாமல் பக்கத்தில் இருங்கள்.

ஓய்வு வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. வருடத்தில் ஓர் இரவாவது அது நமக்கும் வேண்டும்.