விடுமுறைக்குப் போகும் ஊசி

விடுமுறைப் பயணம் புறப்படும் பெண்ணொருத்தியின் கைப்பையில் என்னென்ன இருக்கும்? சில்லறைக் காசு, தலையிடிக் குளிசை, பிள்ளைக்கு ஒரு மாற்றுடுப்பு, வழியில் உண்பதற்குக் கட்டிய இடியப்பப் பொதி. இவற்றுக்கெல்லாம் அடியில், பழைய கைலேஞ்சியொன்றில் சுற்றிய ஒரு நூற்பந்தும் குறோசே ஊசியும் இருக்கும்.

நாம் ஆசிரியைகள் ஐவர் தவணை விடுமுறைகளில் ஒன்றாகப் பயணம் செய்பவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, அங்கிருந்து மலைநாடு என்பதே பெரும்பாலும் எமது வழி. ஐவரில் நால்வருடைய பைகளில் இந்த நூற்பந்து தவறாது இருக்கும். ஐந்தாமவர் புத்தகம் கொண்டு வருவார். அதன் இருபதாம் பக்கத்தை அவர் கடந்ததை நாம் கண்டதில்லை.

எல்லாத் தையல் வேலையும் பயணத்துக்கு ஏற்றதன்று. தையல் இயந்திரம் வீட்டோடு கிடப்பது. காலி, வெலிகமைப் பகுதிகளில் பெண்கள் செய்யும் பீரளு வேலைக்கு உருளைத் தலையணையும் ஊசிகளும் நூல் சுற்றிய எத்தனையோ மரக்கட்டைகளும் வேண்டும். அது இருந்த இடத்தை விட்டு அசையாது. (றேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேயர் இந்நாட்டில் விட்டுச் சென்ற சொல்.) துணியிற் பூ வேலை செய்வோமெனில், ஓடும் புகையிரதத்தில் ஊசி துணியில் ஏறுமுன் விரலில் ஏறிவிடும். இரு கம்பிகளாற் கம்பளிநூல் பின்னுவோருக்கோ வேறொரு பயம் உண்டு. ஒரு கம்பியில் நூறு கண்ணிகள் ஏறி நிற்கும். பெட்டி ஒருமுறை குலுங்கிக் கம்பி நழுவினால் ஒரு மாத வேலை அவிழத் தொடங்கிவிடும். குறோசே அவ்வாறன்று. எந்த நேரத்திலும் ஊசியில் உயிரோடிருப்பது பெரும்பாலும் ஒரேயொரு கண்ணிதான். அதைச் சற்றே பெரிதாக இழுத்துவிட்டு வேலையை மடித்து வைத்துவிடலாம். பிள்ளை அழுதால் எழும்பலாம். கச்சான்காரர் வந்தால் கைநீட்டலாம். திரும்பி வந்து விட்ட கண்ணியிலிருந்து தொடரலாம்.

இந்த வேலை பெண்களிடையே இவ்வளவு பரவியதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமன்று என்பது எமது எண்ணம். பெண்ணின் நேரம் முழுத்துணியாகக் கிடைப்பதில்லை. துண்டு துண்டாகக் கிடைப்பது. உலை கொதிக்கும்வரை ஒரு துண்டு, மழை விடும்வரை ஒரு துண்டு. எப்போதும் நிறுத்தத்தக்க வேலையே அவளுக்குத் தோதானது. நாம் பின்னுவதும் நாலங்குலச் சதுரங்களே. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்குள் கைப்பழக்கம் உள்ளவர் ஏழெட்டுச் சதுரம் முடித்துவிடுவார். ஏறத்தாழ முந்நூறு சதுரங்களைப் பின்னர் வீட்டில் வைத்து இணைத்தால் ஒரு கட்டில் விரிப்பாகும்.

எம்முள் மூத்தவரிடம் அத்தகைய விரிப்பொன்று இருக்கிறது. தூரத்திற் பார்த்தால் ஒரே வெள்ளை. அருகிற் பார்த்தால் வெள்ளையிலும் பல வெள்ளை உண்டென்று தெரியும். வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய நூல், வெவ்வேறு கிணற்று நீரில் தோய்ந்த நூல். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில், 1980களின் இறுதியில், அவர் அதைத் தொடங்கினார். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது, வேலையும் நின்றது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, முடிந்த சதுரங்கள் ஒரு சீலைப்பையில் அவரோடு கூடவே போயின. அவ்வழியில் எவரும் எதையும் பின்னவில்லை. ஏ9 வீதி திறந்திருந்த 2002 தொடக்கம் 2006 வரையான காலத்தில், சோதனைச் சாவடிகளின் வரிசைகளில் ஐம்பது சதுரங்கள் வரை முடித்தாராம். 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது; எஞ்சியவை அதற்குப் பின்னர் பின்னியவை.

எமது பழைய மாணவர் ஒருவர், இப்போது பல்கலைக்கழகத்தில் பயில்பவர், அண்மையில் எம்மோடு பயணம் செய்தார். நால்வர் கையிலும் ஊசியைக் கண்டு சிரித்தார். "நாடு கிடக்கிற கிடையில மேசைவிரிப்புப் பின்னுறியள் ரீச்சர். இது பூர்ஷ்வாப் பொழுதுபோக்கல்லோ?" என்றார். கேட்டவர் நல்ல பிள்ளை. கேள்வியும் முற்றாகத் தவறன்று. ஊசிக்கு இரு வரலாறுகள் உண்டு. இலண்டனில் உடுப்புத் தைக்கும் நிலையமொன்றில் இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாது தைத்து, 1863 யூனில், தனது இருபதாவது வயதில் இறந்த மேரி ஆன் வோக்லி என்ற பெண்ணைப் பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் எழுதியுள்ளார். அவள் தைத்தது சீமாட்டிகளின் நடன விருந்துக்கான ஆடைகளை. அச்சீமாட்டிகளும் தம் வரவேற்பறைகளில் பூத்தையல் செய்தே பொழுது போக்கினர். ஊசி ஒன்றுதான், பிடித்த கைகள் வேறு.

ஆயின், புகையிரதத்தில் இருக்கும் எமது ஆசிரியையை எந்தப் பக்கத்திற் சேர்ப்பது? அவள் சீமாட்டியல்லள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து, பாடசாலை சென்று, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்புபவள். அவள் விடுமுறையிலும் ஏன் வெறுங்கையோடு இருப்பதில்லை?

அதே பெட்டியில் ஆண்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மடியில் துவாயை விரித்து முந்நூற்றுநாலு விளையாடுகிறார்கள். பத்திரிகை வாசிக்கிறார்கள். வாயைத் திறந்தபடி உறங்குகிறார்கள். இத்தனை மணி நேரத்தில் என்ன செய்து முடித்தாய் என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. பெண்ணொருத்தி கையைக் கட்டிக்கொண்டு யன்னலால் வெளியே பார்த்திருந்தால், கால் மணி நேரத்தில் அவளுக்கு ஒரு வேலை வந்துவிடும். "சும்மாதானே இருக்கிறாய், அந்தத் தண்ணிப் போத்தலை எடு" என்பார்கள். மிஷன் பாடசாலைகள் வந்த காலந்தொட்டு, 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை முதலாக, தையல் எமது பெண்களுக்குக் கல்வியின் ஓர் அங்கமாயிற்று. அதனோடு கூடவே, கை ஓய்ந்திருத்தல் ஒழுக்கக் குறைவு என்ற எண்ணமும் கற்பிக்கப்பட்டது. சைவ வீடுகளுக்கும் அது கசக்கவில்லை. வேடிக்கை என்னவெனில், சும்மா இருத்தலே ஞானத்தின் உச்சம் என்று எமது ஞானியர் பாடி வைத்திருக்கிறார்கள். அந்த உச்சத்துக்கு இல்லத்தரசியை அழைத்தவர் எவருமில்லை. மார்க்ஸின் மருமகன் போல் லபார்க் சோம்பியிருக்கும் உரிமை வேண்டுமென்று 1880 இல் எழுதினார். அவர் மனக்கண்முன் நின்றவரும் ஆலைத் தொழிலாளரே.

ஆகவே ஊசி அவளுக்கு ஓர் அனுமதிச்சீட்டு. கையில் அது அசைந்துகொண்டிருக்கும்வரை அவள் 'வேலையாய்' இருக்கிறாள். யாரும் தொந்தரவு செய்வதில்லை. விரல்களுக்கு வழி தெரியும். கண்கள் வெளியே போய்வரலாம். ஆனையிறவின் உப்பு வெளியையும் மாங்குளத்துக் காட்டையும் அவள் பார்த்தது இந்தக் களவு நேரத்திலேதான். இன்னொன்றும் சொல்லவேண்டும். அவள் சமைத்தது இரவுக்குள் தீர்ந்துவிடும். கூட்டிய முற்றத்தில் மறுநாள் மாவிலை கிடக்கும். பின்னிய சதுரம் மட்டுமே அப்படியே இருக்கிறது. இந்த மகிழ்ச்சியைப் பூர்ஷ்வா மகிழ்ச்சி என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

சம்பளத்துடனான விடுமுறை எவ்வளவு போராட்டத்தின் பின் கிடைத்தது என்பதை வாசகர் அறிவர். பிரான்சியத் தொழிலாளர் 1936 இன் மாபெரும் வேலைநிறுத்தத்தாலேயே இரு வார விடுமுறையை வென்றனர். இலங்கையில் கடை, காரியாலய ஊழியருக்கு 1954 ஆம் ஆண்டின் சட்டம் வருடாந்த விடுமுறையை உறுதி செய்தது. அடுப்பு இச்சட்டங்களுக்கு வெளியே நிற்கிறது. நுவரெலியாவில் குடும்பங்களாக வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குவோரைப் பாருங்கள். அரிசியும் மிளகாய்த்தூளும் யாழ்ப்பாணத்திலிருந்தே மூட்டையாக வந்திருக்கும். ஆண்களும் பிள்ளைகளும் வாவிக்கரைக்குப் போன பின்பு, குளிர்நீரில் ஏனங்கழுவி விறைத்த விரல்களோடுதான் பெண்கள் நூலை எடுக்கிறார்கள். இப்போது இப்பயணம் ரொறன்ரோ வரை நீண்டுவிட்டது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மாவின் கடவுச்சீட்டில் இருப்பது வருகையாளர் விசா. அங்கே அவர் செய்வதோ ஆறு மாதப் பிள்ளைப் பராமரிப்பு. 2001 செப்டெம்பர்த் தாக்குதல்களின் பின் சில காலம் விமானங்களில் பின்னற் கம்பிகளுக்குக் கூடத் தடை இருந்தது. அது தளர்ந்ததும் நூற்பந்து மீண்டும் கைப்பைக்குள் ஏறிவிட்டது.

'பொழுதுபோக்கு' என்ற சொல்லை எமது மாணவர் ஏளனமாகச் சொன்னார். ஆனால் அச்சொல்லினால் இலாபம் ஈட்டியவர்களும் உண்டு. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரியில் நர்சாபூர் என்றோர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமார் அங்குள்ள ஏழைக் கிறித்தவப் பெண்களுக்குக் குறோசே பழக்கினர். பின்னர் அது வணிகமாகி, வீட்டை விட்டு வெளியே வராத குடியானவச் சாதிப் பெண்களிடமும் பரவியது. ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். முடிந்த விரிப்பு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகும். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் இப்பெண்களை ஆராய்ந்து 1982 இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கு மேலதிகமாக நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை பின்னிய இப்பெண்களைத் தொழிலாளர் என்று எவரும் கணக்கிடவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள். ஓய்வு நேரத்திற் செய்கிறார்கள்' என்பதே வணிகரின் கணக்கு. ஓய்வு என்று பெயரிட்டதால் கூலி அற்பமாயிற்று. கூலி அற்பமானதால் மேலும் ஓய்வென்றே தோன்றிற்று. வீட்டிலிருந்து உழைப்போரையும் தொழிலாளராக ஏற்கும் சர்வதேச உடன்படிக்கை 1996 இல்தான் உருவாயிற்று.

எமது சதுரங்கள் விற்பனைக்கல்ல. எனினும் விலை பற்றிய பேச்சு ஒருமுறை எம்மிடம் வந்தது. கொழும்பு செல்லும் புகையிரதத்தில் பளையில் ஓர் இளம்பெண் ஏறினாள். பொங்கல் விடுமுறை முடிந்து, கட்டுநாயக்காவில் தான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அங்கே 1978 முதல் இயங்கும் வர்த்தக வலயத்திற் பெரும்பான்மையினர் இவளைப் போன்ற பெண்களே. வவுனியா வரும்வரை உறங்கினாள். விழித்தபின் எமது நண்பியின் கையையே வெகுநேரம் பார்த்தாள். பின்பு ஒரு சதுரத்தை வாங்கி, முகத்தைப் பாராமல் முதலில் மறுபுறத்தைத் திருப்பினாள்; ஓரத்தை நகத்தால் நீவிப் பார்த்தாள்.

"நல்ல வேலை ரீச்சர். இதுக்கு எத்தினை நிமிசம் தருவினம்?"

கேள்வி எமக்கு உடனே விளங்கவில்லை. அவளே விளக்கினாள். அவள் இருக்கும் வரிசையில் ஒவ்வொரு தையலுக்கும் இவ்வளவு நிமிடம் என்று வகுத்திருக்கிறார்கள். கொலருக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு. மணிக்கு எத்தனை முடிந்தது என்று பலகையில் எழுதுவார்கள்.

"ஒருத்தரும் தாறேல்லைப் பிள்ளை. நாங்களே எடுக்கிறதுதான்" என்றார் நண்பி.

அவள் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தாள். சதுரத்துக்கு ஒரு மணி நேரம், முந்நூறு சதுரம். "அப்ப இதை ஒருத்தராலையும் வாங்கேலாது" என்று சிரித்தாள். நண்பி நூலையும் ஊசியையும் அவள் பக்கம் நீட்டி, பின்னிப் பார்க்கும்படி சொன்னார்.

"வேண்டாம் ரீச்சர். என்ரை லீவு முடிய இன்னும் நாலு மணித்தியாலம் கிடக்கு" என்றவள், இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு யன்னலின் பக்கம் திரும்பினாள். மதவாச்சி கடந்துகொண்டிருந்தது.